ஓரம் வெட்டாத படம்

மலை முகாம்
18.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி விஜயபாண்டி எழுதுகிறேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மூக்கு இருந்த இடத்தில்தான் இருக்கிறதா என்று மட்டும் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவு குளிர். மீசைக்கும் குறைவில்லை, காலையில் அதில் பனி உறைந்து நிற்கிறது. உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? போலீஸ்கார மச்சான் வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

மேலே ஏறும்போதே பட்டாளத்தில் எங்கள் கைபேசிகளை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்கள். வாரத்துக்கு ஒரு தடவை முகாம் போனில் இரண்டு நிமிடம் பேசலாம். அந்த இரண்டு நிமிடத்தையும் அம்மா, "சாப்டியாலே, சாப்டியாலே" என்று கேட்டே தீர்த்துவிடுகிறாள். அதனால் உனக்கும் எனக்கும் இனிமேல் கடிதம்தான்.

நீ அனுப்பிய பெண் படம் வந்தது. செட்டியார்பட்டி சோலைச்சாமி மாமாவின் மூத்த மகள், ஆனந்தவல்லி, டீச்சர் என்று பின்பக்கம் எழுதியிருக்கிறாய். முன்பக்கம் இருப்பது யார் என்றுதான் தெரியவில்லை. முகத்தில் ஒரு பரு இல்லை, ஒரு மச்சம் இல்லை, வியர்வை கூட இல்லை. ஜவுளிக்கடை பொம்மைக்குப் பொட்டு வைத்தது போல இருக்கிறது. கல்யாண ஆல்பத்தில் நீ செய்கிற கைவேலை எனக்குத் தெரியாதா?

தை பிறப்பதற்குள் சம்மதமா இல்லையா என்று ஒரே வார்த்தை சொல்ல வேண்டும் என்கிறாள் அம்மா. எனக்கு லீவு மாசியில்தான். பார்க்காமல் சரி என்று சொல்லவும் மனம் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. அக்கா, நீ ஒரு உதவி செய். அவளை நிறுத்தி வைத்து எடுக்காதே. ஏதாவது வேலையாக இருக்கும்போது, அவள் பாட்டுக்கு இருக்கும்போது எடுத்து அனுப்பு. அதைப் பார்த்துத்தான் என் பதிலைச் சொல்வேன்.

தம்பி
விஜயபாண்டி


ராஜபாளையம்
9.7.2024

என் அருமைத் தம்பிக்கு,

அக்கா யுவராணியின் ஆசிகள். இங்கே எல்லோரும் நலம். மழை வந்தால் முட்டி வலி வரும், மழையே இல்லாததால் வலியும் இல்லை. உன் மச்சான் வேளைக்கு இரண்டு தடவை சாப்பிடுகிறார். கான்சாபுரத்தில் அம்மா உன் மீசைப் படத்தைப் பெரிதாக்கி மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஜவுளிக்கடை பொம்மையா? அந்தப் படத்தை நான் எடுக்கவில்லையடா, பெண் வீட்டார் யாரிடமோ எடுத்துக் கொடுத்தது. நான் பருவை அழிப்பேன், மச்சத்தை அழிக்க மாட்டேன். பத்து வருஷமாக அதுதான் என் நியாயம்.

நீ கேட்டது லேசான காரியமில்லை. நம் பக்கத்துப் பெண்கள் கூடிச் சிரித்து விளையாடுவதெல்லாம் வெளிச்சம் போன பிறகுதான். பிளாஷ் போட்டால் அத்தனை பேரும் ஆட்டத்தை விட்டுவிட்டு வரிசையாக நின்று சிரிப்பார்கள். போடாவிட்டால் என் லென்ஸுக்குக் கண் தெரியாது. லென்ஸுக்குள் ஒரு வாய் இருக்கிறது தம்பி. அது எவ்வளவு திறக்கும் என்பதற்கு ஒரு எண் உண்டு, எண் சின்னதானால் வாய் பெரிது. கேமராவோடு வந்த என் லென்ஸைத் திருகினால் அகலமாகவும் எடுக்கலாம், கிட்டத்திலும் இழுக்கலாம். ஆனால் இழுத்தால் எண் ஐந்துக்கு மேல் போய்விடும். பல் டாக்டரிடம் வாய் திறக்க மறுக்கிற பிள்ளைதான் அது. கல்யாண மண்டபத்தில் விளக்குகளைக் கொளுத்திவைத்து இத்தனை நாள் சமாளித்துவிட்டேன்.

ஆனால் ஆசையாகவும் இருக்கிறது. யாரும் நிற்காமல், யாரும் சிரிக்காமல், இருக்கிற வெளிச்சத்தில் ஒரு முகத்தை எடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். ஆடியில் செட்டியார்பட்டி முளைப்பாரிக்குப் போகிறேன். ஒளிந்திருந்து எடுக்க மாட்டேன், அதை மட்டும் எதிர்பார்க்காதே. கேமராவைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் பார்க்கத்தான் நிற்பேன்.

அன்புடன்
யுவராணி


ராஜபாளையம்
12.8.2024

தம்பிக்கு,

முந்தைய கடிதம் கிடைத்ததோ இல்லையோ, இதைப் பிடி. நலமாக இரு, காதை மூடிக்கொள்.

முளைப்பாரிக்குப் போனேன். திடலுக்கு ஒரே ஒரு டியூப் லைட், அதுவும் ஒரு கம்பத்தில். முப்பது பெண்கள் வட்டமாக நின்று கும்மி அடிக்கிறார்கள். ஷட்டர் ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால்தான் ஏதோ கொஞ்சம் தெரிகிறது. அதற்குள் கும்மி அடிக்கிறவள் ஒரு எட்டுப் போய்விடுகிறாள். நாற்பது படம் எடுத்தேன். நாற்பதிலும் புடவைகள்தான் பறக்கின்றன, ஆள் இல்லை.

ஒன்றே ஒன்றைத் தவிர. அதைத்தான் இதோடு வைத்திருக்கிறேன். எல்லோரும் கலங்கிப்போன படத்தில் ஆனந்தவல்லி முகம் மட்டும் தெளிவாக இருக்கிறது, பார். நான் வித்தை ஒன்றும் செய்யவில்லை. அவள் தானாக நின்றாள். ஒவ்வொரு சுற்றிலும் கம்பத்துக்கு நேரே வரும்போது ஒரு கணம் நின்று, முகத்தை விளக்குக்குத் தூக்கி, வாயைத் திறந்து பாடிவிட்டுப் போகிறாள். பின்னால் வந்தவள் இரண்டு தடவை அவள் மேல் இடித்து, "ஏட்டி, ஆடுதியா நிக்கியா?" என்று ஏசினாள். அப்படியும் அடுத்த சுற்றில் நின்றாள்.

கம்பத்தை ஒட்டி, படத்தின் இடது ஓரத்தில் யாரோ ஒருத்தி நிழலாகக் கல்லுப் போல நின்று முறைத்துக்கொண்டிருந்தாள். அது படத்தையே கெடுத்தது. அந்த ஓரத்தை வெட்டிவிட்டேன். இப்போது எவ்வளவு அழகாக இருக்கிறது, சொல்லு.

உன் அக்கா
யுவராணி


மலை முகாம்
3.9.2024

அன்புள்ள அக்கா,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. சுகமாக இருக்கிறேன். காதையும் மூடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மச்சம் இருக்கிறது! மேலுதட்டுக்கு மேலே, வலது பக்கம். பொம்மை போய் ஒரு ஆள் வந்துவிட்டது. படத்தை என் கட்டிலுக்கு மேலே செருகி வைத்திருக்கிறேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்க்கிறேன் என்று கூட இருக்கிறவன் எண்ண ஆரம்பித்துவிட்டான்.

ஆனால் ஒன்று புரியவில்லை. ஆட்டத்தில் எல்லோரும் தங்களை மறந்து சுற்றும்போது இவள் மட்டும் எதற்கு விளக்கைப் பார்த்து நிற்கிறாள்? ஏச்சு வாங்கிய பிறகும் நிற்கிறாள் என்றால் அவளுக்கு அது அவசியமாக இருக்க வேண்டும். பாடுகிற வாய் இவ்வளவு பெரிதாகத் திறக்குமா? உனக்குத் தோன்றுவதை எழுது.

இங்கே காவலுக்கு நிற்கிறவனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது என்ன தெரியுமா? இருட்டில் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் அதை நேராகப் பார்க்காதே, ஒரு விரல் தள்ளிப் பார். நேரே பார்க்கும்போது மறைகிற பாறை, தள்ளிப் பார்த்தால் தெரியும். நான் நம்பவில்லை. முதல் வாரமே நம்பிவிட்டேன். உன் தொழிலுக்கும் உதவுமோ என்னவோ.

அம்மாவிடம் பேசும்போது இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு படம் வேண்டும்.

தம்பி
விஜயபாண்டி


ராஜபாளையம்
17.10.2024

கட்டிலுக்கு மேலே படம் செருகியவனுக்கு,

அக்காவின் ஆசிகள். நவராத்திரி சுண்டலை உன் பங்குக்கும் சேர்த்து உன் மச்சானே தின்றுவிட்டார். அம்மா போன வாரம் வந்து என்னோடு நான்கு நாள் இருந்தாள், திடமாக இருக்கிறாள். வெற்றிலையைத்தான் விடமாட்டேன் என்கிறாள்.

மதுரைக்குப் போய் ஐம்பது எம்.எம். லென்ஸ் ஒன்று வாங்கி வந்தேன். எண் 1.8, விலையைக் கேட்காதே. கைக்குள் அடங்குகிற சின்னச் சாமான், ஆனால் இருட்டைக் குடிக்கிறது. அதற்கும் ஒரு கோணங்கித்தனம் உண்டு. வாயை முழுசாகத் திறந்தால் ஒரு கண்தான் தெளிவாக விழும், மற்றக் கண் மங்கிவிடும். இழுத்துக் கிட்டத்தில் கொண்டுவரவும் முடியாது, நான்தான் நடந்து போக வேண்டும். முட்டி வலிக்காரிக்கு வந்த சோதனையைப் பார்.

ஆனந்தவல்லியின் பள்ளிக்கூட ஆண்டு விழா இங்கே ஒரு மண்டபத்தில் நடந்தது. அம்மாவையும் கூட்டிப்போனேன். மேடையில் கலர் கலராக எல்.இ.டி. விளக்கு. நம் கண்ணுக்கு அது விடாமல் எரிகிறது, கேமராவுக்குத் துடிக்கிறது. ஷட்டரை வேகமாக வைத்த படங்களிலெல்லாம் வரி வரியாகக் கறுப்புக்கோடு. வேகத்தைக் குறைத்துத்தான் தப்பித்தேன்.

ஆனந்தவல்லிதான் நிகழ்ச்சியைத் தொகுத்துச் சொன்னாள். நல்ல குரல், தடுமாற்றம் இல்லை. ஆனால் மைக் ஸ்டாண்டு நட்டுவைத்த இடத்தில் நிற்கவே இல்லை. மைக்கைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ஓரத்தில் வெள்ளை விளக்கு விழுகிற இடமாகத் தேடிப் போய் நின்றாள். இன்னொரு கை பேச்சோடு பேச்சாக ஆடிக்கொண்டே இருந்தது. படத்தில் முகம் தெளிவு, அந்தக் கை மட்டும் கலங்கல். பார்த்தால் உனக்கே தெரியும்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "நட்டுவச்ச எடத்துல நிக்காம வெளக்கத் தேடிப் போயி நிக்குதா. கைய வேற ஆட்டுதா. இம்புட்டு பவுசு நம்ம வீட்டுக்கு ஆகுமாட்டி?" என்று திரும்பி வரும் வழியெல்லாம் கேட்டாள். நான் ஆனந்தவல்லிக்காகப் பேசினேன். ஆனால் எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் தோன்றியது. வெளிச்சம் எங்கே இருக்கிறது என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரிகிறது தம்பி. படம் எடுக்கிறவளுக்குத் தெரிய வேண்டியது, டீச்சருக்கு எதற்கு?

உன் அக்கா
யுவராணி


மலை முகாம்
5.11.2024

அன்புள்ள அக்கா,

எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்து, தாமதமாக. இங்கே ஒரு அத்திப்பழ அளவு லட்டு கொடுத்தார்கள். நலமாக இருக்கிறேன்.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பவுசு என்கிறாள் அம்மா. பவுசு பண்ணுகிறவள் தன்னைப் பார்க்கிறவர்களைப் பார்ப்பாள் அல்லவா? இவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை, உன் கேமராவையும் பார்க்கவில்லை. இரண்டு படத்திலும் அவள் கண் ஒரே பக்கம் போகிறது. இடது பக்கம், படத்துக்கு வெளியே. அங்கே ஒரு ஆள் இருக்கிறது. அந்த ஆளைப் பார்த்துத்தான் நிற்கிறாள், அந்த ஆளைப் பார்த்துத்தான் பேசுகிறாள்.

யார் என்று தெரிய வேண்டும். அடுத்த தடவை அவளை மட்டும் எடுக்காதே, அகலமாக எடு. நான் சொன்னேனே, ஒரு விரல் தள்ளிப் பார்.

விளையாட்டாகத்தான் இதை ஆரம்பித்தேன். இப்போது விளையாட்டாக இல்லை. காவலில் நிற்கும்போது அந்த முகம் வருகிறது. சரி சொல்ல வேண்டும் என்றுதான் இருக்கிறது அக்கா, அதனால்தான் பயமாகவும் இருக்கிறது.

தம்பி
விஜயபாண்டி


ராஜபாளையம்
23.12.2024

தம்பிக்கு,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம்.

மார்கழி பிறந்ததும் ஒரு நாள் விடியலுக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். என்னோடு படித்த ஜனனியின் வீடு ஆண்டாள் கோவில் மாட வீதியில் இருக்கிறது. அவள் வீட்டுப் படியில் நின்று எடுத்தேன். கோவிலுக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள், வீதியில் எடுக்கலாம். ஆனந்தவல்லி தன் பள்ளிப் பிள்ளைகளைப் பாட அழைத்து வந்திருந்தாள்.

எண்பத்தைந்து எம்.எம். லென்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். அதைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவள் முகத்தை இந்தப் பக்கம் கொண்டுவந்து வைக்கிறது. பின்னால் எரிகிற அகல் விளக்கெல்லாம் பெரிய பெரிய பொட்டாகக் கரைகிறது. இருட்டிலும் பார்க்க வைக்கிற ஐ.எஸ்.ஓ.வை ஆறாயிரத்துக்கு மேல் ஏற்றினேன். படத்தில் ரவை தூவியது போலப் புள்ளி வந்தது, ஆனாலும் பிரிண்டில் அவ்வளவாகத் தெரியவில்லை. கனம் அதிகம், கை நடுங்கும், மூச்சைப் பிடித்து எடுக்க வேண்டும். பனிக்காலத்தில் கண்ணாடியில் ஆவி படியும். துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

படம் ஒன்று வைத்திருக்கிறேன். கைபேசி விளக்கைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பாடுகிறாள். நல்ல பெண். அகல லென்ஸ் கிடைக்கவில்லை.

அம்மா அவசரப்படுகிறாள். நீ அவசரப்படாதே. பொங்கல் கழியட்டும்.

யுவராணி


மலை முகாம்
11.1.2025

அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

லென்ஸைப் பற்றி ஒரு பக்கம், அவளைப் பற்றி மூன்று வரி. ஏன் முகத்தில் விளக்கைப் பிடித்தாள் என்று நீ கேட்கவே இல்லை. போன தடவை கேட்ட அக்கா இந்தத் தடவை கேட்கவில்லை என்றால், உனக்கு விடை தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

அகல லென்ஸ் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். கேமராவோடு வந்த லென்ஸைத் திருகினால் அகலமாகும் என்று ஆனியில் நீதான் எழுதினாய். அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது.

நீ யாரையோ பார்த்திருக்கிறாய். எனக்கு வலிக்கும் என்று மறைக்கிறாய். இருட்டில் கூட அவனுக்குத் தன் முகம் தெரிய வேண்டும் என்று நினைக்கிறாள் என்றால், அவள் மனசு அங்கே இருக்கிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. நடுவில் நான் எதற்கு? எனக்கு வருத்தம் இருக்கிறது, கோபம் இல்லை. கோபம் இருந்தால் உன் மேல்தான் கொஞ்சம்.

அம்மாவிடம் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு. பழியை என் மேலேயே போடு, அந்தப் பெண் பெயர் கெட வேண்டாம். பனி கூடிவிட்டதால் முகாம் போன் நான்கு நாளாகச் செத்துக்கிடக்கிறது. அதனால் நீதான் சொல்ல வேண்டும்.

விஜயபாண்டி


ராஜபாளையம்
29.1.2025

என் மண்டைக்கனம் பிடித்த தம்பிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும் என்று அய்யனாரை வேண்டிக்கொண்டுதான் உன்னைத் திட்டப் போகிறேன்.

உன் கடிதம் மூன்று நாளாக என் கேமரா பையில் கிடக்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை. தரகர் வேறு ஒரு ஜாதகத்தைக் கொண்டுவந்துவிட்டார், அம்மா தினமும் உன் வார்த்தையைக் கேட்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவனாம் அவன்! யாரடா அவன்? உன் புத்தியை எடுத்து அந்தப் பனியில் புதை.

அன்றைக்கு நடந்தது இதுதான். எண்பத்தைந்தில் ஆனந்தவல்லி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கைபேசி விளக்கு முகத்தில் விழுகிறது, வாய் அசைகிறது, ஆனால் குரல் வரவில்லை. பிள்ளைகள்தான் சத்தமாகப் பாடினார்கள், இவள் சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்தாள். நீ எழுதியது ஞாபகம் வந்தது. அந்த லென்ஸைக் கழற்றிவிட்டுப் பழைய லென்ஸை மாட்டி அகலமாகத் திருகினேன். இடது பக்கம், நான் நின்ற படிக்குக் கீழேயே ஒரு பெண் நின்றாள். பத்தொன்பது வயது இருக்கும். அவளும் வாயை அசைத்துக்கொண்டிருந்தாள், ஆனந்தவல்லி சொல்லச் சொல்ல அதே பாட்டை.

ஆனந்தவல்லியின் தங்கை மாரிசெல்வி. சின்ன மகள் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் படிக்கிறாள் என்று சொன்னார்களே, அவள்தான். என்ன பள்ளிக்கூடம் என்று நாம் கேட்கவே இல்லை. காது கேட்காத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம். உதட்டையும் கையையும் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வாள். வெளிச்சம் இல்லாவிட்டால் அவளுக்குப் பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை. இப்போது படிப்பு முடிந்து, பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை பார்க்கிறாள். தறிச் சத்தத்தில் மற்றவர்களெல்லாம் ஒருவருக்கொருவர் கத்தித் தொண்டை கட்டிப்போவார்கள், தான் மட்டும் நிம்மதி என்று சைகையில் சொல்லிச் சிரித்தாள்.

ஆனந்தவல்லி என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, ரெண்டு எடம் இது தெரிஞ்ச பொறவு நின்னு போச்சு. கல்யாணத்துக்குப் பொறவு நா எங்க இருக்கேனோ அங்கதான் அவளும் இருப்பா. அதத்தான் யாரும் ஒத்துக்க மாட்டேங்காவ. பொங்கல் கழிச்சு அப்பா அத்தைகிட்ட நேர்ல வந்து சொல்லுதேன்னு இருக்காவ. அம்புட்டு நாளைக்கி யாருக்கும் சொல்லிராதீங்க" என்றாள். நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். அதனால்தான் அவளைப் பற்றி அந்த மூன்று வரி. உன்னிடம் பொய் சொல்ல எனக்குத் தெரியவில்லை, லென்ஸைப் பற்றி எழுதித் தள்ளினேன்.

இதைவிடக் கேவலம் இன்னொன்று இருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் முளைப்பாரிப் படத்தின் முழு ஃபைலைத் திறந்து பார்த்தேன். கம்பத்தை ஒட்டி நிழலாக, கல்லுப் போல நின்று முறைத்துக்கொண்டிருந்தது யார் தெரியுமா? அவள்தான். ஆனந்தவல்லி எந்த முகத்துக்காகச் சுற்றுக்குச் சுற்று நின்றாளோ அந்த முகத்தை நான் கத்தரித்துவிட்டு, எவ்வளவு அழகு என்று உனக்கு எழுதினேன். பத்து வருஷமாகப் படம் எடுக்கிறேன் தம்பி. அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது.

பொங்கல் கழிந்தும் அவள் அப்பா வரவில்லை. பயம். உன் கடிதம் வந்ததும் நானே செட்டியார்பட்டிக்குப் போய், நீ வேறு மாதிரி நினைத்துவிட்டாய் என்று ஆனந்தவல்லியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தால் முகம் வாடிவிட்டது. "இனிமே மறைக்க வேணாம் மதினி. எல்லாத்தயும் எழுதிருங்க. வேணாம்னா வேணாம், ஆனா இதத் தெரிஞ்சுக்கிட்டு வேணாம்னு சொல்லட்டும்" என்றாள். மாரிசெல்வி பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா வந்து ஏதோ சொன்னார், அவளுக்கு அது மட்டும் புரியவில்லை. எல்லோர் பேச்சும் தெரியுமாம், அப்பா பேச்சு மட்டும் தெரியாதாம். பெரிய மீசை, உதட்டை மூடிவிடுகிறது.

ஓரம் வெட்டாத படத்தை இதோடு வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு எழுது. நீ என்ன சொன்னாலும் அதை அப்படியே அம்மாவிடம் சொல்வேன்.

உன் அக்கா
யுவராணி


ராஜபாளையம்
18.2.2025

தம்பிக்கு,

கடிதம் போட்டு இருபது நாள் ஆகிவிட்டது. பதில் இல்லை, போனும் இல்லை. உங்கள் பக்கம் பனிச்சரிவு என்று டி.வி.யில் சொன்னார்கள். உன் மச்சான் விசாரித்துவிட்டு உங்கள் முகாமுக்கு ஒன்றும் இல்லை என்கிறார். அப்படியும் மனம் கேட்கவில்லை. கோபமாகவே இரு, ஆனால் நன்றாக இரு.

நீ பதில் போடாததால் நானே ஒரு காரியம் செய்துவிட்டேன். ஆனந்தவல்லியும் மாரிசெல்வியும் போன ஞாயிற்றுக்கிழமை கான்சாபுரம் வந்தார்கள். நான்தான் கூட்டிப்போனேன். நல்ல வெயில் நேரமாகப் பார்த்து வாசலில் பாய் போட்டு உட்கார்ந்தோம். விஷயத்தைச் சொன்னேன். அம்மா மாரிசெல்வியைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, "என்ன சாப்புடுத தாயி?" என்று கத்தினாள். மாரிசெல்வி பாவமாக அக்காவைப் பார்த்தாள். ஆனந்தவல்லி தயங்கித் தயங்கி, "சத்தம் வேணாம் அத்தை. வாயில வெத்தல இருக்குல்ல, அதான் அவளுக்குத் தெரியல" என்றாள்.

நம் அம்மா எழுந்தாள். அப்பா செத்த வீட்டில் கூட வெற்றிலையை விடாதவள், வேலி ஓரம் போய்த் துப்பிவிட்டு, வாயை மூன்று தடவை கொப்பளித்துவிட்டு வந்து நேரே உட்கார்ந்தாள். மெதுவாக, "என்ன சாப்புடுத?" என்று கேட்டாள். "காப்பி" என்று மாரிசெல்வி வாயாலேயே சொன்னாள். குரல் கொஞ்சம் உடைந்து வந்தது. அம்மா காப்பி போட உள்ளே போனவள் அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். வெளியே வந்து, "வெளக்கத் தேடி நின்னது இதுக்குத்தானா. நா ஒரு கூறுகெட்டவ" என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டாள்.

அம்மாவுக்குச் சம்மதம். தரகரிடம் அந்த இன்னொரு ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆனால் நீ எழுதிய "வேண்டாம்" இன்னும் என் பையில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் இருவரும் காத்திருக்கிறார்கள். ஒரு வரி போடு.

யுவராணி


மலை முகாம்
20.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் உயிரோடு, முழுசாக இருக்கிறேன். மூன்று வாரமாக ஹெலிகாப்டர் வரவில்லை. நேற்றுத்தான் வந்தது, உன் ஜனவரிக் கடிதத்தைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு நீ எழுதியிருந்தால் அது இன்னும் மலைக்குக் கீழே கிடக்கும்.

திட்டியதற்கு நன்றி. அதற்கு மேலும் திட்டியிருக்கலாம். என் பழைய கடிதத்தைக் கிழித்துப்போடு.

ஓரம் வெட்டாத படத்தைப் பார்த்தேன். கல்லுப் போல நின்று முறைக்கிறது என்று எழுதினாயே, அது முறைப்பு இல்லை அக்கா. அது பாட்டுக் கேட்கிற முகம். பழைய படத்தை எடுத்துவிட்டு இதைச் செருகியிருக்கிறேன். கூட இருக்கிறவனிடம் விஷயத்தைச் சொன்னேன். "உனக்கு இதில் என்னடா கஷ்டம்? நாம் ஆறு பேர் ராத்திரி ரோந்து போகும்போது வாயைத் திறக்கிறோமா? எல்லாம் கைதானே?" என்றான். உண்மைதான். நில், உட்கார், வா, போ, ஆள் இருக்கிறது, ஆள் இல்லை என்று இருபது சைகை எனக்கும் தெரியும். மாரிசெல்வியின் சைகை வேறாக இருக்கும். அவள் எனக்குச் சொல்லிக்கொடுக்கட்டும், நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

எனக்குச் சம்மதம். ஆனால் அது பாதிதான். ஆனந்தவல்லிக்கும் சம்மதமா, தங்கைக்கு நம் வீடு பிடிக்குமா என்று அவர்களிடம் நான் நேரில் கேட்க வேண்டும். தங்கை நம் வீட்டில் இருப்பதைப் பற்றி யாரும் என்னிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை சென்னை வண்டியில் ராஜபாளையம் வந்து இறங்குகிறேன். முடிந்தால் அவர்கள் இருவரையும் அழைத்து வா. அகலமாக எடுக்கிற லென்ஸை மறக்காதே. ஸ்டேஷனில் வெளிச்சம் குறைவாகத்தான் இருக்கும். நான் இறங்கியதும் யாரையும் தேடி ஓட மாட்டேன், நேரே போய் ஒரு விளக்குக்கு அடியில் நிற்பேன். என்னை அங்கே வந்து பாருங்கள்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லு.

உன் தம்பி
விஜயபாண்டி

பின்குறிப்பு: பிளாட்பாரத்தில் என்னைப் பார்த்து அம்மா அலறிவிடாதபடி முன்னாலேயே பக்குவமாகச் சொல்லி வை. மீசையை எடுத்துவிட்டேன்.